‘சமாளிப்பு’ என்று சொல்லாதீர்கள்

சமையல் குறிப்புகளில் எனக்கு ஆகாத சொல் ஒன்று உண்டு: ‘இல்லையென்றால்’. வெண்ணெய் இல்லையென்றால் டால்டா. முட்டை இல்லையென்றால் தயிர். பிரவுன் சுகர் இல்லையென்றால் நாட்டுச் சர்க்கரை. ஓவன் இல்லையென்றால் குக்கர். படிக்க எளிமையான வரிகள்தான். ஆனால் ஏன் இல்லை, யாருக்கு இல்லை, இல்லாததை ஈடுகட்டும் வேலை யார் தலையில் விழுகிறது என்று எந்தக் குறிப்பும் கேட்பதில்லை. பெண் பார்த்துக்கொள்வாள் என்ற நம்பிக்கையில்தான் அந்த வரியே எழுதப்படுகிறது.

அப்படிப் பார்த்துக்கொள்வதற்கு நம் வீடுகளில் ஒரு பெயர் இருக்கிறது. சமாளிப்பு. “இருக்கிறத வச்சு எப்படியோ சமாளிச்சிட்டா” என்பதைவிடப் பெரிய பாராட்டு ஒரு மருமகளுக்குக் கிடைப்பது அரிது. அந்தப் பாராட்டை நாம் இனி வாங்கிக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

உச்சிப்புளியை ராமேஸ்வரம் போகிறவர்களுக்கு ரயில் ஜன்னலில் கடந்துபோகும் ஒரு பெயர்ப்பலகையாகத் தெரிந்திருக்கும். ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவே, பனைமரங்களுக்கிடையே இருக்கும் சின்ன ஊர். மளிகைக் கடையில் மைதா, சீனி, டால்டா, ஆப்பசோடா எல்லாம் கிடைக்கும். உப்பில்லாத வெண்ணெய், பிரவுன் சுகர், சாக்லேட் சிப்ஸ் என்று பட்டியல் போட்டால் ராமநாதபுரத்துக்கு பஸ் ஏற வேண்டும். போகவர ஆகும் நேரத்துக்கு யார் கணக்குச் சொல்வது? வாங்கிய வெண்ணெய் இந்த வெயிலில் வீடு வந்து சேர்வதற்குள் உருகிவிடும் என்பது வேறு கதை.

பிள்ளை கைபேசியில் காணொலி பார்த்துவிட்டு, “அம்மா, குக்கீஸ் செஞ்சு தா” என்கிறது. பத்துப் பொருள் கேட்கும் குறிப்பு. வீட்டில் இருப்பது நான்கு. அங்கிருந்துதான் அந்தப் பெண்ணின் வேலை தொடங்குகிறது. அந்த வேலை என்ன என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

வெண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குதான் கொழுப்பு. மீதியில் பெரும்பகுதி தண்ணீர். நெய்யில் தண்ணீர் கிடையாது. அதனால் 100 கிராம் வெண்ணெய்க்கு 100 கிராம் நெய் என்று போட்டால் பிஸ்கட் எண்ணெய் கக்கித் தட்டில் பரந்துவிடும். 80 கிராம் நெய்யும் ஒரு கரண்டி பாலும் என்றால் சரியாக வரும். நெய்யில் செய்தது வெண்ணெயில் செய்ததைப் போல முறுகலாக இருக்காது, பொலபொலவென்று உதிரும். பேக்கரி நெய் பிஸ்கட்டின் குணமே அதுதான்.

அடுத்தது சர்க்கரை. பிரவுன் சுகர் என்பது வெள்ளைச் சர்க்கரையும் கரும்புப் பாகின் கருப்புக் கசடும் சேர்ந்தது. அந்தக் கசடில் லேசான புளிப்பு உண்டு. ஆப்பசோடா பொங்குவதற்கு அந்தப் புளிப்பு வேண்டும். எங்கள் ஊரில் அதற்குப் பதில் கருப்பட்டி. ஆனால் பதநீர் இறக்கும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருக்கும். பதநீர் புளித்துக் கள்ளாகிவிடக் கூடாது என்பதற்காகத் தடவுவது. புளிப்பைத் தடுக்கும் சுண்ணாம்போடு வந்த இனிப்பு, சோடாவைப் பொங்கவைக்க உதவாது. சோடா பாதி அப்படியே தங்கி நாக்கில் சோப்புக் காரல் அடிக்கும். ஒரு கரண்டி தயிரோ சில சொட்டு எலுமிச்சைச் சாறோ சேர்த்தால் காரல் போய்விடும். கருப்பட்டியில் மண் இருக்கும் என்பதால் கரைத்து வடிகட்டித்தான் ஆக வேண்டும். கரைக்கத் தண்ணீர் ஊற்றினால் பாலைக் குறைக்க வேண்டும்.

கேழ்வரகு மாவு போட்டால் கோதுமையில் உள்ள பசை அதில் கிடையாது. தனியே போட்டால் பிஸ்கட் எடுக்கும்போதே நொறுங்கும். மைதாவோ கோதுமையோ கலந்தால் பிடிப்பு வரும். ஓவனுக்குப் பதில் குக்கர் என்றால் மூடியிலிருந்து ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, அடியில் உப்போ மணலோ பரப்பி, பத்து நிமிடம் காயவிட்டு, அதற்குமேல் தட்டை வைக்க வேண்டும். சூடு கீழிருந்து மட்டுமே வரும் என்பதால் தீயைக் குறைத்தே வைக்க வேண்டும்.

இவ்வளவும் சேர்ந்ததுதான் அந்த ‘சமாளிப்பு’. ஒரு பொருளுக்கு என்ன குணம், அந்தக் குணத்தில் எது இந்தப் பண்டத்துக்கு வேண்டும், அதே குணம் வேறு எதில் இருக்கிறது, அது கூடவே கொண்டுவரும் வேண்டாத குணத்தை எப்படி முறிப்பது என்று நாலு படியாக யோசித்தால்தான் ஒரு மாற்று கிடைக்கும். ஆய்வுக்கூடத்தில் வெள்ளைக் கோட்டோடு இதைச் செய்தால் பரிசோதனை. அடுப்படியில் நைட்டியோடு செய்தால் கைப்பக்குவம். கைப்பக்குவம் என்ற பாராட்டைக் கவனியுங்கள். அதில் கை இருக்கிறது, தலை இல்லை. அறிவால் கண்டதைக் கையின் குணமாக்கிவிட்டால், அதை அவள் கற்றாள் என்றோ கண்டுபிடித்தாள் என்றோ யாரும் சொல்ல வேண்டியதில்லை. குணத்துக்குக் கூலியும் கேட்க முடியாது.

இது உச்சிப்புளி அடுப்படியோடு முடிகிற வழக்கம் என்று நினைக்காதீர்கள். உலகம் முழுக்கத் தெரிந்த குக்கீ ஒன்று உண்டு. சாக்லேட் துண்டுகள் பதித்த அந்தக் குக்கீயை உருவாக்கியவர் ரூத் வேக்ஃபீல்ட். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் விட்மன் என்ற ஊரில் 1930 முதல் கணவரோடு டோல் ஹவுஸ் என்ற விடுதியை நடத்தியவர். அந்தக் குக்கீக்குப் பின்னால் பல காலமாகச் சொல்லப்படும் கதை இது: ஒரு நாள் அவரிடம் பேக்கிங் சாக்லேட் தீர்ந்துபோனதாம். கையில் கிடைத்த சாக்லேட் கட்டியை உடைத்து மாவில் போட்டாராம். உருகிக் கலந்துவிடும் என்று நினைத்தாராம், அது உருகாமல் துண்டு துண்டாக நின்றதாம். கொட்டைப் பருப்பு தீர்ந்துபோனது என்றும் வேறொரு வடிவம் உண்டு. எந்த வடிவத்திலும் அவருக்குக் கிடைப்பது அதிர்ஷ்டசாலி என்ற பட்டம்தான்.

உண்மை வேறு. ரூத், ஃபிரேமிங்ஹாமில் மனையியல் படித்து 1924-ல் பட்டம் பெற்றவர். உணவியல் நிபுணராக வேலை செய்தவர், உணவைப் பற்றி விரிவுரை ஆற்றியவர். விடுதிச் சமையலறையை நடத்திய ஒருவருக்குச் சாக்லேட் எந்தச் சூட்டில் என்ன ஆகும் என்று தெரியாதா? ஏற்கெனவே பரிமாறிவந்த ஒரு குக்கீக்குப் பதிலாகப் புதிதாக ஒன்று தர வேண்டும் என்றுதான் முயன்றேன் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1938-ல் அவருடைய சமையல் நூலில் அந்தக் குறிப்பு அச்சானது. அடுத்த ஆண்டு நெஸ்லே நிறுவனம் அதைத் தன் சாக்லேட் உறையில் அச்சிடும் உரிமையைப் பெற்றது. ஒரு படித்த பெண்ணின் திட்டமிட்ட வேலை, ‘சாமான் தீர்ந்துபோனது’ என்ற ஒரே வரியால் விபத்தாகிவிட்டது.

இப்போது நம் பக்கத்து மாநிலத்துக்கு வாருங்கள். தலச்சேரியில் 1883-ல் மம்பள்ளி பாப்பு என்ற பேக்கரிக்காரரிடம், மர்டாக் பிரவுன் என்ற வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த பிளம் கேக்கைக் கொடுத்து, இதே போல ஒன்று செய்யச் சொன்னாராம். கேக்கில் பிரெஞ்சு பிராந்தி சேர்க்க வேண்டும் என்பது யோசனை. பாப்பு அதற்குப் பதிலாக முந்திரிப்பழத்திலும் கதலி வாழைப்பழத்திலும் இறக்கிய உள்ளூர்ச் சாராயத்தைச் சேர்த்தார் என்று கதை போகிறது. இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று ஒவ்வொரு டிசம்பரிலும் அந்தக் கதை திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது. பாப்பு மீது எனக்கு மரியாதைதான். பர்மாவில் பிஸ்கட் தொழில் பழகிவந்து, முதலாளி சொன்ன சரக்கை ஒதுக்கிவிட்டுத் தன் மண்ணின் சரக்கைப் போட்டவர் அவர். என் கேள்வி கதை சொல்பவர்களிடம். பாப்புவின் மாற்றில் துணிச்சலைப் பார்க்கிறவர்கள், ரூத்தின் மாற்றில் ஏன் தடுமாற்றத்தைப் பார்க்கிறார்கள்? பதிலாக ஒன்றைப் போட்டது ஆண் என்றால் அது முடிவு, பெண் என்றால் வேறு வழியில்லாமல் செய்தது என்று நமக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

மாற்றுப் பொருளால் லாபம் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். நெய்க்குப் பதிலாக டால்டா 1937-ல் இந்தியச் சந்தைக்கு வந்தது. தாவர எண்ணெயை ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கிய வனஸ்பதி அது. நெய் வாங்க முடியாத வீடுகளின் அடுப்படிக்கு அது விளம்பரத்தோடு வந்து சேர்ந்தது. அப்படிக் கெட்டியாக்கும்போது உருவாகும் டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்குக் கேடு என்று அறிவியல் சொல்லி, எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் அது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது 2022 ஜனவரியில். இத்தனை ஆண்டுகள் அதை விற்றவர்களின் கணக்கில் அது வியாபாரம். வாங்கிப் பிஸ்கட் சுட்ட பெண்ணின் கணக்கில்? “நீ டால்டாவுல செஞ்சு போட்டுத்தான் மனுசனுக்கு நெஞ்சுவலி வந்துச்சு” என்ற பேச்சைக் கேட்காத வீடு எத்தனை? நிறுவனம் மாற்றினால் லாபம் நிறுவனத்துக்கு, பெண் மாற்றினால் பழி பெண்ணுக்கு.

அந்த மாற்றுப் பொருள்கள் எங்கிருந்து வருகின்றன என்றும் பாருங்கள். கருப்பட்டி என்றதும் பனையேறும் ஆண் கண்ணில் நிற்கிறார். உயிரைப் பணயம் வைத்து ஏறுகிறவர், அதில் சந்தேகமில்லை. ஆனால் பதநீர் தானாகக் கருப்பட்டி ஆவதில்லை. கோடை வெயிலில், ஓலைக் குடிசைக்குள், மணிக்கணக்காகத் தீ எரித்து, கிண்டிப் பதம் பார்த்து, சிரட்டையில் ஊற்றி எடுப்பது பெரும்பாலும் அவர் வீட்டுப் பெண். ‘பனையேறி’ என்ற சொல் இருக்கிறது. பதநீர் காய்ச்சுகிறவளுக்கு அப்படி ஊரறிந்த ஒரு சொல் உங்களுக்குத் தெரியுமா?

கடலுக்குள்ளும் இதே கதைதான். ஜெலட்டினுக்கு மாற்றாக இனிப்புகளில் சேர்க்கும் அகர், கடல்பாசியிலிருந்து வருவது. பாம்பன், மண்டபம் கரையோரப் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா 1986-ல் அறிவிக்கப்பட்ட பிறகு, அவர்கள் காலங்காலமாகப் போய்வந்த தீவுகளே அவர்களுக்குத் தடைசெய்யப்பட்ட இடங்களாயின. இன்னொரு ஊர்ச் சமையலறையில் ‘ஜெலட்டின் இல்லையென்றால் அகர்’ என்று ஒருத்தி படிக்கும்போது, அந்த வரிக்குப் பின்னால் பாறையில் கை கிழிந்த இன்னொருத்தி இருக்கிறாள். குறிப்பில் இருவருக்குமே பெயரில்லை.

பட்டியலில் எழுதாத மாற்றுகளும் உண்டு. வீட்டில் நான்கு முட்டை இருந்து ஐந்து பேர் இருந்தால் முட்டை இல்லாமல் போவது யாருக்கு? பிஸ்கட் சுட்டால் முழுசு பிள்ளைகளுக்கு, விருந்தாளிக்கு. உடைந்ததும் கருகியதும் யாருக்கு? “எனக்கு இதுதான் பிடிக்கும்” என்று சொல்லப் பழகிய நாக்கு யாருடையது? மத்திய அரசின் 2024-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். ‘வெண்ணெய் இல்லையென்றால்’ என்று எழுதத் தெரிந்த எந்தக் குறிப்பும் ‘நேரம் இல்லையென்றால்’ என்று எழுதுவதில்லை. வெண்ணெய்க்குப் பதில் நெய், ஓவனுக்குப் பதில் குக்கர், இவை இரண்டுக்கும் பதில் அவளுடைய தூக்கம். கடைசி மாற்றுப் பொருள் எப்போதும் அவள்தான்.

தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய மாதம் 1000 ரூபாய்த் திட்டத்துக்கு ‘உதவித்தொகை’ என்று பெயர் வைக்காமல் ‘உரிமைத்தொகை’ என்று வைத்தார்கள். அந்தப் பெயரை நான் மதிக்கிறேன். பெண்ணின் வீட்டு உழைப்புக்கு மதிப்புண்டு என்று ஒரு அரசு சொல்வது சின்ன விஷயமில்லை. ஆனால் அந்த ஆயிரமும் வந்த அன்றே கேஸ், பால், டியூஷன் ஃபீஸ் என்று கரைந்துவிட்டு, ‘இந்த மாசமும் சமாளிச்சிட்டா’ என்று முடிந்தால், உரிமை என்ற சொல் வங்கிப் புத்தகத்தோடு நின்றுவிடுகிறது. அடுப்படிக்குள் அது வந்து சேரவில்லை.

சமாளிப்பைப் போற்றுவதில் இருக்கும் ஆபத்து என்னவென்று பார்க்க, நாங்கள் தொலைதூரம் போக வேண்டியதில்லை. உச்சிப்புளிக்குப் பக்கத்திலேயே மண்டபத்தில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 2021-ல் இலங்கை அரசு ரசாயன உர இறக்குமதியை ஒரே அறிவிப்பில் நிறுத்தி, இயற்கை உரத்துக்கு மாறிக்கொள்ளுங்கள் என்றது. அதுவும் ‘இல்லையென்றால்’ என்ற குறிப்புதான், நாட்டின் தலைவர் எழுதியது. அந்த ஆண்டு முடிவதற்குள் அதைக் கைவிட வேண்டியிருந்தது. அந்நியச் செலாவணி தீர்ந்து 2022-ல் பால்மா இல்லை, சமையல் எரிவாயு இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. எரிவாயு இல்லாமல் பேக்கரிகள் மூடின. எரிவாயு இல்லாத வீட்டில் விறகு, பால்மா இல்லாத வீட்டில் வெறும் தேநீர் என்று பெண்கள் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்தார்கள். வரிசையில் நின்றார்கள். தங்கள் தட்டைக் குறைத்தார்கள். குழந்தைக்கான பாலுக்கு மாற்று என்ன? அந்த இடத்தில் சமாளிப்பு தீர்ந்துபோகிறது. 2022 மார்ச் 22 அன்று 16 பேர் படகில் ராமேஸ்வரம் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். கைக்குழந்தையோடு வந்தவர்களும் அதில் இருந்தார்கள். அடுத்தடுத்த மாதங்களில் மேலும் பலர் வந்தார்கள்.

ஆட்சியாளர்கள் உண்டாக்கிய பஞ்சத்தை அடுப்படியில் நின்று அடைத்தது பெண்கள். அவர்கள் அடைத்துக்கொண்டிருந்த வரை பஞ்சம் பாதிதான் வெளியே தெரிந்தது. சமாளிப்பு என்பது இல்லாமையை மறைக்கும் திரை. ஒரு நாட்டுக்குப் பொருந்துவது ஒரு வீட்டுக்கும் பொருந்தும். சம்பளத்தில் பாதி டாஸ்மாக்குக்குப் போனது மேசைமேல் பிஸ்கட் தட்டு நிறைந்திருக்கும் வரை தெரியாது. அவள் தெரியவிடவில்லை.

இதற்கு ஒரு மறுப்பு வரும் என்று எனக்குத் தெரியும். “மாற்றிப் போட்டுச் செய்வதில் ஒரு சந்தோஷம் இருக்கிறதே, அதையும் பிடுங்கப் பார்க்கிறாயா? நம் பாட்டிமார் அப்படித்தானே இத்தனை பண்டங்களைத் தந்தார்கள்?” என்று தோழிகளே கேட்பார்கள். சந்தோஷம் உண்டு. கருப்பட்டியும் சுக்கும் தேங்காய்ப்பாலும் போட்ட பிஸ்கட்டின் வாசனைக்குப் பக்கத்தில் எந்த பிரவுன் சுகரும் நிற்காது. விரும்பிக் கருப்பட்டி போடுவது வேறு, வேறு எதுவும் வாங்க விடாததால் கருப்பட்டி போடுவது வேறு. இரண்டையும் பிரித்தறிய ஒரே கேள்வி போதும். ‘இன்றைக்கு சாமான் இல்லை, அதனால் பிஸ்கட் இல்லை’ என்று அவளால் சொல்ல முடியுமா? சொன்ன பிறகு அந்த வீடு வழக்கம்போல இருக்குமா? இருக்கும் என்றால் அவள் செய்தது கலை. இல்லையென்றால் அது கட்டாய உழைப்பு, எவ்வளவு ருசியாக இருந்தாலும்.

ஆகவே, இதைப் படிக்கும் பெண்களிடமும் மாணவிகளிடமும் நான் கேட்பது இவைதான்.

அளவை எழுதுங்கள். ‘கண்ணளவு’, ‘ஒரு கை’ என்று சொல்லும் அம்மாவின் பக்கத்தில் தராசோடு உட்காருங்கள். எத்தனை கிராம் கருப்பட்டிக்கு எத்தனை கரண்டி தயிர், எந்தத் தீயில் எத்தனை நிமிடம் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஏன் அப்படி என்று கேளுங்கள், அந்தக் காரணத்தையும் எழுதுங்கள். அடியில் அவர் பெயரைப் போடுங்கள். ‘அம்மா சமையல்’ என்று போட வேண்டாம், அம்மாவுக்கு ஒரு பெயர் இருக்கிறது. மனையியலும் வேதியியலும் படிக்கும் மாணவிகளுக்கு இதைவிட நல்ல செய்முறைப் பாடம் கிடையாது.

விலையைக் கொடுங்கள். பக்கத்துத் தெருவில் ஒரு பெண் குக்கரில் சுட்டு, டப்பாவில் அடைத்து விற்கும் கருப்பட்டி பிஸ்கட்டை வாங்கும்போது, “வீட்லதானே செய்றீங்க, குறைச்சுக்குங்க” என்று பேரம் பேசாதீர்கள். கடையில் கம்பெனி பிஸ்கட்டுக்கு அச்சடித்த விலையைக் கேள்வியில்லாமல் கொடுக்கிறோம். அவளுடைய டப்பாவில் மைதாவும் நெய்யும் மட்டும் இல்லை, அவளுடைய பிற்பகல் முழுக்க இருக்கிறது. விற்கும் பெண்களும் சாமான் செலவோடு மணிக்கணக்கையும் சேர்த்து விலை போடுங்கள்.

இல்லாததைச் சொல்லுங்கள். சாமான் தீர்ந்தால் அதை அடுப்படிக்குள் முழுங்கிவிடாமல், வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் எழுதிவையுங்கள். வாங்கப் போகிறவர் வேறு யாராவது இருக்கட்டும். பணம் இல்லை என்றால் ஏன் இல்லை என்று எல்லோரும் உட்கார்ந்து பேசட்டும். இல்லாமையைக் குடும்பம் முழுவதும் பங்குபோட்டுக்கொள்ளட்டும். உடைந்த பிஸ்கட்டையும்தான்.

கடைசியாக, அந்தச் சொல்லை விடுங்கள். இன்னொரு பெண்ணைப் பார்த்து ‘எப்படியோ சமாளிச்சிட்டா’ என்று சொல்ல வாயெடுக்கும்போது நிறுத்துங்கள். அவளுக்கு அது தெரியும், அவள் அதை யோசித்துச் செய்தாள், அதற்கு இத்தனை மணி நேரம் ஆனது என்று சொல்லுங்கள். அப்படியே, அவளுக்கு அன்றைக்கு என்ன இல்லை, ஏன் இல்லை, யாரால் இல்லை என்றும் கேளுங்கள். அவள் பதில் சொல்லத் தயங்கலாம். காத்திருங்கள், சொல்வாள்.